பதினோரு கறுப்பு, ஒரு வெள்ளை

வாரபூன் தானியக் கிடங்கின் வாசலில் லாரி எடை போடும் அறை ஒன்று உண்டு. அறை என்று சொல்வதெல்லாம் மரியாதைக்காக. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு சன்னல். நாற்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டால் காற்றுக்கு இடம் கிடையாது; அது வெளியே நின்று காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் தகரக் கூண்டில் ரேலீன் கிளெம்கி இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எடை போட்டு உள்ளே அனுப்பிய கோதுமையைக் கடலில் கொட்டியிருந்தால் டாஸ்மேனியாத் தீவுக்குச் செருப்புக்கூட நனையாமல் நடந்து போயிருக்கலாம்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு வெளியேற ஒரு கதவு தெரிந்தது. பெண்டிகோ நகரத்தில் நில அளவைப் படிப்பு, இரண்டு வருஷம். நாள் முழுக்க வயலிலும் மலையிலும் நின்று, மூன்றுகால் கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கும் வேலை. சுவரே கிடையாது. இடம் தருகிறோம் என்று கடிதமும் வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் ஐம்பதுக்கு இருபத்தைந்தாவது எடுக்க வேண்டும். ரேலீன் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள். ஆகவே காலையில் இரண்டு மணி நேரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சு. பிறகு மாலை வரை கூண்டு. அப்படி ஏற்பாடாயிற்று.

பள்ளிக்கூடம் கொடுத்த பட்டியலில் புத்தகங்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. வரைபடம் போடுகிற, ப்ரோகிராம் ஏற்றக்கூடிய கால்குலேட்டர். கறுப்பு மாடலோ வெள்ளை மாடலோ, இரண்டில் எதுவானாலும் அனுமதி உண்டு. ஊருக்கு வடக்கே ஆறு ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் வேறு மாநிலம். அங்கே இதே பெட்டியைப் பரீட்சைக்குக் கொண்டுபோனால் கள்ளச்சாராயம் கொண்டுவந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். இந்தக் கரையிலோ அது இல்லாமல் பரீட்சையே கிடையாது.

ரேலீன் நேராகப் பெவ்வின் கடைக்குப் போனாள். பெவ் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, முப்பது வருஷத் தோழி. ஊரில் செய்தித்தாள், பேனா, லாட்டரிச் சீட்டு, பிறந்தநாள் வாழ்த்து அட்டை, எலிப்பொறி எல்லாம் விற்கிற ஒரே கடை அவளுடையது.

“கறுப்பா வெள்ளையா, நீயே சொல்லுடி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் ரேலீன்.

“வெள்ளை” என்றாள் பெவ், கேள்வி முடிவதற்குள். “கறுப்புல என்ன இருக்கு? அறுபது பட்டன். உன் கண்ணுக்கு அதெல்லாம் எறும்பு. இதைப் பாரு, திரையைத் தொட்டாப் போதும். குச்சிகூடக் குடுத்திருக்கான். குச்சிடி, ரே! ராணி மாதிரி உக்காந்து தொட்டுக்கிட்டே பாஸ் பண்ணலாம்.”

போன வருஷம் கை தவறி ஒன்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வெள்ளைப் பெட்டிகளுக்கு ஆர்டர் போட்டுவிட்டதையும், அந்தப் பன்னிரண்டும் பின்னறையில் உட்கார்ந்து தினமும் தன்னை முறைப்பதையும் பெவ் சொல்லவில்லை. அதைச் சொன்னால் விற்குமா?

பிப்ரவரி முதல் வகுப்பில் ரேலீன் பெட்டியை மேசைமேல் வைத்தாள். சுற்றிப் பார்த்தாள். பதினோரு மேசை, பதினோரு கறுப்பு.

கணக்கு வாத்தியார் கெல்வின் ஹோபன், அந்தக் கறுப்புப் பெட்டி பிறந்த நாளிலிருந்து அதை வளர்த்தவர். அவர் கணக்குச் சொல்லித்தருவது கிட்டத்தட்ட வேதம் ஓதுவதுதான். “மெனு, மூணு, ஒண்ணு, என்டர்!” என்பார். பதினோரு கட்டைவிரல் ஒரே சமயத்தில் இறங்கும். “மெனு, நாலு, மூணு!” பதினோரு கிளிக். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஓட்டுக் கூரைமேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். போதாததற்கு, பரீட்சையில் வரக்கூடிய எல்லா வகைக் கணக்குக்கும் அவரே ப்ரோகிராம் எழுதி வைத்திருந்தார். ஒரு கம்பியைச் செருகினால் கறுப்பிலிருந்து கறுப்புக்குப் பாய்ந்துவிடும். வெள்ளைக்கு அந்தக் கம்பியே நுழையாது.

“கெல்வின், என்னோடதுல மெனு மூணே இல்லையே.”

கெல்வின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன இருக்கு?”

“குச்சி இருக்கு.”

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது.

“சிரிக்காதீங்கடா” என்றாள் ரேலீன். “இந்த ஆளு பத்தாங்கிளாஸ்ல எனக்குப் பின்னாடி உக்காந்து என் பேப்பரைப் பாத்து எழுதினவன், தெரியுமா?”

“அதனாலதான் எனக்கு அந்த வருஷம் முப்பத்தெட்டு மார்க் வந்துச்சு” என்றார் கெல்வின். “ரே, எனக்கு அந்த வெள்ளையைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நீயாத்தான் பாத்துக்கணும். இன்னிக்கு இவங்களோட மிஷினை எல்லாம் செட் பண்ணப் போறேன், உனக்கு இதுல வேலை இல்ல. நீ வேணா லைப்ரரில உக்காந்து உன் கையேட்டைப் படி.”

எழுந்து போகும்போது முன்வரிசைப் பெண் டாம்சின் மெதுவாகக் கேட்டாள். “மிஸஸ் கே, எல்லாரும் வாங்குறதையே நீங்களும் வாங்கியிருக்கலாம்ல?”

பெவ் சொன்னதைக் கேட்டு வாங்கினேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விடுதலை. மறுநாளே மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் பதினோரு ஜோடிக் கண் பார்க்கிறது. அவள் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது.

“எல்லாரும் போற வழியில போக நான் என்ன ஆட்டுக்குட்டியா? நவம்பர்ல பாரு. இந்த வெள்ளை உங்க பதினோரு கறுப்பையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போகும்.”

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. லாரிக்காரர்கள் கூண்டின் சன்னலில் குனிந்து, “என்னா அம்மணி, வெள்ளைக் குதிரைக்குப் புல்லு போட்டாச்சா?” என்றார்கள். இறைச்சிக் கடைக்காரர் கறுப்புமேல் ஆறு பேரும் வெள்ளைமேல் ஒருத்தரும் பந்தயம் வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த ஒருத்தர் பெவ்.

பெவ்தான் பெரிய தொல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் வேலிக்கு மேலே தலை முளைக்கும். “என் வெள்ளைக்குட்டி எப்படிடி இருக்கு?”

“பறக்குது” என்பாள் ரேலீன்.

இரண்டு தடவை அப்படிச் சொன்னாள். அதன் பிறகு அதைத் திருப்பி வாங்க வழியில்லாமல் போயிற்று. பெவ் அந்த ‘பறக்குது’வை வைத்தே மூன்று வெள்ளைப் பெட்டியைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு விற்றுவிட்டாள். இப்போது மாற்றினால் வகுப்பில் ஆட்டுக்குட்டி, வேலியோரத்தில் துரோகி.

ஆகவே ரேலீன் படித்தாள். கையேடு எழுநூறு பக்கம். இரண்டு லாரிக்கு நடுவே நாலு வரி. அங்கே ஜூன் என்றால் கடுங்குளிர்; கால்மாட்டில் ஹீட்டரை வைத்துக்கொண்டு, விரல் விறைத்துப் போகக் குச்சியால் திரையைக் கொத்தினாள். மண்ணைக் கொத்தும் கோழிகூட அவளைப் பார்த்தால் வெட்கப்படும். ஆகஸ்ட் வாக்கில் விரல்கள் வெள்ளையைப் பழகிக்கொண்டன. ஆனால் காதுகளை என்ன செய்வது? தினம் காலையில் இரண்டு மணி நேரம் அவற்றுக்குள் கெல்வின் கறுப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். கணக்கைப் பார்த்ததும் தலைக்குள் ‘மெனு, மூணு, ஒண்ணு’ என்று மணி அடிக்கும். விரலோ குச்சியைத் தேடும். இரண்டும் பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கும். தூக்கத்தில்கூட ‘மெனு’ என்று முனகுவதாக அவள் புருஷன் சொன்னார். அவர் ஏதோ சாப்பாட்டு விஷயம் என்று நினைத்திருந்தார்.

நவம்பர் வந்தது. முதல் பரீட்சை புதன்கிழமை. அதற்குக் கால்குலேட்டர் கிடையாது, பென்சில் மட்டும்தான். ரேலீன் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். நடுத்தரம். நாளைய இரண்டாவது பரீட்சைதான் பெரியது. அதில் தவறினால் பெண்டிகோ இல்லை. ஐம்பது வயதில் மறுபடியும் பிப்ரவரி, மறுபடியும் பதினேழு வயதுப் பிள்ளைகள் என்று இன்னொரு சுற்றுக்கு அவளிடம் மூச்சு இல்லை. அப்புறம் கூண்டுதான், அறுபத்தேழு வயது வரைக்கும்.

டாம்சின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள்.

“இது எங்கண்ணனோடது, மிஸஸ் கே. அவன் தச்சு வேலைக்குப் போயிட்டான்ல. கூரைக்குச் சரிவு பாக்கத்தான் இதை வெச்சிருந்தான். ஹோபன் சாரோட ப்ரோகிராம் அத்தனையும் ஏத்திட்டேன். நாளைக்கு இதை எடுத்துட்டுப் போங்க.”

“எனக்கு என் வெள்ளையே போதும்.”

“நீங்க கிளாஸ்ல உதட்டுக்குள்ளயே மெனு மூணு ஒண்ணுன்னு சொல்றது எனக்குக் கேக்கும்.”

ரேலீன் அவளைப் பார்த்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறுத்திருப்பாள்.

மறுநாள் பகல் பாஸ்கெட்பால் மண்டபத்து வாசலில் அவள் தோள்பையில் இரண்டு பெட்டியும் இருந்தன. ஒரு ஆளுக்கு ஒரு வரைபடக் கால்குலேட்டர்தான் உள்ளே போகலாம். பை வெளியேதான் இருக்க வேண்டும். விரல் வெள்ளை என்றது, காது கறுப்பு என்றது. வரிசை நகர நகர அவள் எட்டிப் பார்த்தாள். வாசலில் மேசை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டி, ஒவ்வொருவருடைய பெட்டியையும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் வேறு யார்? பெவ்.

ஊரில் பரீட்சை மேற்பார்வைக்கு ஆள் கிடைப்பதே அரிது. ஓய்வுபெற்ற தபால்காரரும் பெவ்வும்தான் வருஷா வருஷம். இது ரேலீனுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் பயம் வந்தால் மூளை வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

“அடுத்து. பேர்?” என்றாள் பெவ், முப்பது வருஷமாக வேலிக்கு மேலே பார்த்த முகத்தைப் பார்த்து.

“தெரியாதா உனக்கு?”

“விதி. பேர்?”

“ரேலீன் கிளெம்கி.”

“கால்குலேட்டர்?” பெவ் கையை நீட்டினாள். உதட்டோரத்தில் பெருமை பொங்கி வழிந்தது. பந்தயத்தில் வெள்ளைமேல் இருந்த ஒரே ஆள் அவள்.

ரேலீனின் கை பைக்குள் போனது. முதலில் வெள்ளையைத் தொட்டது. இருபத்திரண்டு வருஷக் கூண்டு அந்த நொடியில் கண்முன்னால் வந்து நின்றது. கை அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தது.

பெவ் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். ரேலீனைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையில் பால் தயிராகியிருக்கும்.

“வரைபடக் கால்குலேட்டர், ஒன்று. அனுமதிக்கப்பட்டது” என்று படித்து டிக் அடித்தாள். பேனா காகிதத்தைக் கிழித்தது. “நாலாவது வரிசை. போ.”

பரீட்சை தொடங்கிற்று. முதல் சில கேள்விகளில் காது சொல்லச் சொல்ல விரல் தட்டியது. ‘மெனு, மூணு, ஒண்ணு’ என்றதும் விடை வந்து விழுந்தது. ரேலீனுக்குச் சிறகு முளைத்தது. பத்து மாதம் குச்சியால் மலையைத் தோண்டியவளுக்கு யாரோ சுரங்கப் பாதையைக் காட்டின மாதிரி இருந்தது.

பிறகு பெரிய கேள்விகள். முதலாவது ஒரு துறைமுகம். நள்ளிரவிலிருந்து t மணி நேரத்தில் நீரின் ஆழம் 5 + 3cos(πt/6) மீட்டர். ஒரு கப்பல் வெளியேற ஆறரை மீட்டராவது ஆழம் வேண்டும். முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் எப்போதிலிருந்து எப்போது வரை கப்பல் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும்?

ரேலீன் சமன்பாட்டைத் தட்டினாள். வரைபடம் கேட்டாள். திரையில் ஒரு கோடு வந்தது. நேர்க்கோடு. எட்டு மீட்டரில் இடமிருந்து வலமாக, மேசை விளிம்பு மாதிரி.

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடி நேர்க்கோடு. கடல் காலையிலும் எட்டு மீட்டர், மத்தியானமும் எட்டு மீட்டர். நீர்மட்டம் இறங்குவதாகவே இல்லை. கப்பல் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றது பெட்டி. அப்படியானால் கேள்வி கேட்டவன் பைத்தியமா?

திரையின் மூலையில் தொட்டுப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தால் அங்கேதான் எல்லா அமைப்பும் இருக்கும், தொட்டால் திறக்கும். கறுப்பு அசையவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டாள். விரல் ரேகைதான் பதிந்தது. பிப்ரவரியில் எல்லோரும் மிஷினை செட் பண்ணியபோது அவள் லைப்ரரியில் இருந்தாள். கெல்வின் ஓதிய அத்தனை மந்திரத்திலும் இதற்கு மட்டும் மந்திரம் இல்லை. யாரையும் கேட்கவும் முடியாது. தண்ணீர், கழிவறை, கூடுதல் தாள். இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் அங்கே வாயைத் திறக்கக் கூடாது.

அப்போது பின்னால் காலடி வந்து நின்றது. ஓரக்கண்ணில் பச்சைச் செருப்பு தெரிந்தது. பெவ்.

பச்சைச் செருப்பு நகரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பெவ் மூக்கால் மூச்சு விடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது. ‘என் வெள்ளைக்குட்டியை விட்டுட்டு வந்தியே, அனுபவி’ என்று அவள் நிற்பதாகவே ரேலீனுக்குப் பட்டது. முதுகு எரிந்தது. முன்னால் நகராத கடல், பின்னால் நகராத பெவ்.

கோபம் நல்ல மருந்து. ரேலீன் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். இறங்காத கடல் எங்கேயடா இருக்கிறது? கையாலேயே போட்டாள். ஆறரையில் ஐந்து போக ஒன்றரை. மூன்றால் வகுத்தால் அரை. cos அரை என்றால் கோணம் π/3. அதாவது அறுபது டிகிரி. ஆக t இரண்டு. மறுபக்கம் பத்து. இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை, எட்டு மணி நேரம் கப்பல் மாட்டிக்கொண்டிருக்கும்.

எழுதி முடித்துத் தன் எழுத்தையே பார்த்தாள். π/3 ரேடியன், அறுபது டிகிரி. ஒரே கோணம், இரண்டு பெயர். டாம்சினின் அண்ணன் தச்சன். கூரைச் சரிவு. தச்சன் எதில் அளப்பான்? டிகிரியில்! இந்தப் பெட்டிக்கு டிகிரி ஒன்றுதான் தெரியும். அவள் தட்டிய π/6ஐ அது அரை டிகிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அரை டிகிரிக்குக் கடல் எப்படி அசையும்?

அமைப்பை மாற்றும் வழி தெரியாது. தேடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. சரி, தச்சனிடம் தச்சன் பேச்சிலேயே பேசுவோம் என்று, π/6 இருந்த இடத்தில் முப்பது என்று தட்டினாள். கோடு துள்ளி எழுந்து, வளைந்து இறங்கி, மறுபடி ஏறியது. ரேலீன் அந்த இடத்திலேயே எழுந்து ஆடியிருப்பாள். நாற்காலி திருகாணியால் மேசையோடு பிணைக்கப்பட்டிருந்ததால் பிழைத்தாள்.

அந்தக் கணத்தில் பின்னால் ஒரு பெருமூச்சு கிளம்பியது. முதல் வரிசையில் ஒரு பையனின் தாள் பறந்தது. பச்சைச் செருப்பு நகர்ந்து போயிற்று.

மீதி நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு வேலைதான். கோணம் வந்த இடத்திலெல்லாம் டிகிரிக்கு மாற்றிக் கொடுத்தாள். நீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கேட்ட இடத்தில் மட்டும் அந்தத் தந்திரம் காலை வாரியது. ஏதோ நத்தை வேகத்தில் ஒரு விடை வந்தது. அதையே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் பெவ் அட்டையைக் கழுத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அறிவிருக்காடி உனக்கு? டிகிரி! டிகிரில கெடந்துச்சு! வருஷா வருஷம் முப்பது அம்மா கடைக்கு வந்து ‘என் புள்ளையோட மிஷின் நேர்க்கோடு போடுது, மாத்திக் குடு’ன்னு அழுவாங்க. ஹோம் பட்டன், அஞ்சு, ரெண்டு, ரேடியன், முடிஞ்சுது! உன் திரையைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு!”

“தெரிஞ்சும் சும்மா நின்னியா?”

“பின்ன? சொல்லிட்டு ஜெயிலுக்குப் போறதா? நாக்கைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்டி. இங்க பாரு!” பெவ் நாக்கை நீட்டினாள். உண்மையிலேயே பல் பதிந்திருந்தது. “அங்கேர்ந்து நகரவும் முடியல. நகந்தா வாய் தானாத் திறந்துக்கும்போல இருந்துச்சு.”

“நீ என்னைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிக்கிறேன்னு நினைச்சேன்.”

“அது மொத அஞ்சு நிமிஷம்” என்றாள் பெவ். பிறகு குரலை இறக்கினாள். “வெள்ளைய ஏன்டி எடுக்கல?”

“உனக்காகத்தான் பத்து மாசம் எடுத்தேன்” என்றாள் ரேலீன். “பறக்குதுன்னு சொன்னதெல்லாம் பொய். மொத நாளே எனக்கு மாத்தணும்னு இருந்துச்சு.”

பெவ் கொஞ்ச நேரம் காரின் கூரையைத் துடைத்தாள். அது அவள் கார்கூட இல்லை. “நான் கை தவறிப் பன்னண்டு ஆர்டர் போட்டுட்டேன்” என்றாள்.

“என்னது?”

“பன்னண்டு. உனக்குக் கொடுத்தப்ப மொத்தம் பன்னண்டு கெடந்துச்சு.”

ரேலீன் பையைத் தூக்கினாள். எதற்குத் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பெவ் நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஓடியதைவிட வேகமாக ஓடினாள்.

முடிவு வந்த டிசம்பர் காலை அறுவடையின் உச்சத்தில் விடிந்தது. ஏழு மணிக்கே நாற்பத்திரண்டு லாரிகள் ஆற்றுப்பாலம் வரை வரிசையாக நின்றன. ரேலீன் கூண்டுக்குள் ஒரு கையை எடைச்சீட்டின்மேல் வைத்து, மறு கையால் போனைத் திறந்தாள். திரை சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரே அதே சமயத்தில் திறக்கிறது போல.

“அம்மணி, சீட்டு!” என்றார் சன்னலில் இருந்த டிரைவர். பதினைந்து வருஷமாக வருகிற பெரிய மீசைக்காரர்.

“இரு.”

“பின்னாடி நாப்பது பேரு நிக்கிறான்.”

“நிக்கட்டும்.”

எண் வந்தது. ரேலீன் அதைப் பார்த்தாள். போனைத் திருப்பி வைத்தாள். எடுத்து மறுபடி பார்த்தாள். இருபத்தாறு.

எழுந்திருக்கலாம் என்றால் கூண்டில் எழுந்து நிற்க இடமில்லை. வெளியே ஓடலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு எடைத்தட்டில் லாரி நிற்கிறது, அது இறங்காமல் கதவு திறக்காது. அவள் அப்படியே உட்கார்ந்தபடி சன்னலில் தலையை நீட்டினாள்.

“இருபத்தாறு வந்திருக்கு! நான் பெண்டிகோவுக்குப் போறேன்!”

மீசைக்காரர் ஒரு நொடி விழித்தார். பிறகு தலையைப் பின்னுக்குத் திருப்பி, “ரே பாஸாயிட்டா!” என்று கத்திவிட்டு ஹாரனை அமுக்கினார். அடுத்த லாரி அமுக்கியது. அதற்கடுத்ததும். பாலத்தின்மேல் கடைசியாக நின்றவன் எதற்கு என்றே தெரியாமல் மற்ற எல்லாரையும்விட நீளமாக அமுக்கினான்; அக்கரையில் பசுக்கள் இரண்டு நாள் பால் கறக்க விடவில்லை என்று அந்த மாநிலத்திலிருந்து புகார்கூட வந்தது.

ரேலீன் சீட்டைக் கிழித்து நீட்டினாள். “போய்யா. இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு.”